எண்ணூர் வெளிச்சத்துக்கு மேலே ஒரு நட்சத்திரத் தொட்டில்!

ராத்திரி பதினோரு மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் போயிருக்கிறீர்களா? துறைமுகக் கிரேன்களில் விளக்கு. கன்டெய்னர் யார்டுகளின் உயரமான கம்பங்களில் விளக்கு. வரிசைகட்டி நிற்கும் லாரிகளின் முகப்பில் விளக்கு. மேற்கே மணலிப் பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் குழாய் உச்சியில் எரியும் தீ. வடக்கே அத்திப்பட்டில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளில் சிவப்பு விளக்கு. சரி, கடல் பக்கமாவது இருட்டாக இருக்குமா என்று பார்த்தால், துறைமுகத்துக்குள் நுழைய முறை வரும்வரை நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்கள். அவற்றிலும் விளக்கு.

ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரைக்கும் முழு இருட்டு என்று ஒன்று கிடையாது. ராத்திரி வானம் கறுப்பாக இருக்காது. டீயில் சாம்பல் கரைத்தது போல ஒரு நிறத்தில் இருக்கும். நட்சத்திரங்களை விரல் விட்டு எண்ணி முடித்துவிடலாம்.

இந்த வானத்தின் கீழே, திருவொற்றியூரில் ஒரு மொட்டை மாடியிலிருந்து, ஓர் இளைஞர் ஓரியன் நெபுலாவைப் படம் பிடித்திருக்கிறார். பகலில் கன்டெய்னர் யார்டு ஒன்றில் கணினியில் பெட்டி எண்களைப் பதிவு செய்கிற வேலை. ராத்திரியில் வானம். தன் பெயர் வர வேண்டாம் என்பது அவர் விருப்பம். ஊர்ப் பெயர் மட்டும் கட்டாயம் வர வேண்டும் என்கிறார். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அது எரியவில்லை, ஒளிர்கிறது

முதலில் அந்த நெபுலா எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். மார்கழி, தை மாத இரவுகளில் ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும். வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை என்று மேற்கத்தியர்கள் சொல்வது அதைத்தான். ஓரியன் என்பது அந்த வேட்டைக்காரனின் பெயர். நம் பஞ்சாங்கத்துக்கும் இந்தப் பகுதி ரொம்ப நெருக்கம். வேட்டைக்காரனின் தோளில் சிவப்பாக ஒளிர்வது திருவாதிரை. தலைப் பக்கம் இருப்பது மிருகசீரிடம். இடுப்புப் பட்டைக்குக் கீழே வாள் தொங்குவது போல இன்னும் சில புள்ளிகள் இருக்கும். அவற்றின் நடுப்புள்ளி மட்டும் கூர்மையில்லாமல், லேசாகக் கலங்கினாற்போல் தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா. வானியலாளர்கள் எம் 42 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். தமிழில் ஒண்முகில் என்றும் சொல்கிறார்கள்.

அது நட்சத்திரம் இல்லை. நட்சத்திரங்கள் உருவாகிக்கொண்டிருக்கும் வாயு மேகம். குறுக்கே சுமார் 24 ஒளி ஆண்டு அகலம். நம்மிடமிருந்து தூரம் சுமார் 1,350 ஒளி ஆண்டு. இன்று ராத்திரி திருவொற்றியூர் மாடியில் வந்து விழும் அதன் ஒளி அங்கிருந்து கிளம்பியபோது, இங்கே பல்லவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது.

மேகம் ஏன் ஒளிர்கிறது? வீட்டு டியூப் லைட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எதுவும் எரிவதில்லை. உள்ளே இருக்கும் வாயுவுக்கு மின்சாரம் சக்தி கொடுக்கிறது. வாங்கிய சக்தியை அது வெளிச்சமாக வெளியே விடுகிறது. நெபுலாவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். மின்சாரத்துக்குப் பதிலாக, மேகத்தின் நடுவே புதிதாகப் பிறந்த சில ராட்சத நட்சத்திரங்கள் இருக்கின்றன. நான்கு பெரிய நட்சத்திரங்கள் சேர்ந்து சரிவகம் போலத் தெரிவதால் அந்தக் கூட்டத்துக்கு டிரபீசியம் என்று பெயர். அதில் இருக்கும் மிகச் சூடான நட்சத்திரத்திலிருந்து பாயும் புற ஊதாக் கதிர், சுற்றியிருக்கும் ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்து எறிகிறது. பிரிந்த எலெக்ட்ரான் மறுபடி அணுவோடு சேர்ந்து, படிப்படியாகக் கீழிறங்கும்போது சிவப்பு ஒளி பிறக்கிறது. அந்தச் சிவப்பின் அலைநீளம் 656.3 நானோமீட்டர். இப்படித் தானே ஒளியை உமிழ்வதால்தான் இதை உமிழ் நெபுலா என்கிறார்கள்.

இன்னொரு ஆச்சரியம், இந்த மேகம் மிகவும் மெல்லியது. நாம் பூமியில் உருவாக்கும் நல்ல வெற்றிடத்தைவிடவும் அதில் அணுக்கள் குறைவு. ஆனால், அது பரந்திருக்கும் இடம் பெரியது. அதனால்தான் இவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிகிறது. அந்த மேகத்துக்குள் சில நட்சத்திரங்களைச் சுற்றித் தட்டு போலத் தூசியும் வாயுவும் சுழல்வதை ஹபிள் தொலைநோக்கி படம் எடுத்திருக்கிறது. அப்படி 150க்கும் மேற்பட்ட தட்டுகள் இருக்கின்றன. 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நம் சூரியனும் பூமியும் இப்படி ஒரு தட்டிலிருந்துதான் வந்தன என்பது விஞ்ஞானிகளின் முடிவு.

‘ஜவ்வாது மலைக்குப் போப்பா!’

அந்த இளைஞர் ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவை செகண்ட் ஹேண்டில் வாங்கியது கல்யாண வீடுகளில் படம் எடுத்துச் சம்பாதிக்கலாம் என்றுதான். ஒரு நாள் மாடியில் டிரைபாட் வைத்து, கேமராவை மேலே திருப்பி முப்பது விநாடி திறந்து வைத்துப் பார்த்தார். கிடைத்தது முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஒரு சதுரம். படத்தில் வானம் இருந்ததற்கான அடையாளமே இல்லை.

வானத்தைப் படம் எடுக்கத் தெரிந்தவர்களிடம் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். ‘‘வடசென்னையில இருந்தா? வாய்ப்பே இல்ல. ஜவ்வாது மலைக்குப் போப்பா!’’

அவர்கள் சொன்னதில் தப்பில்லை. சென்னைக்கும் வானியலுக்கும் நீண்ட உறவு உண்டு. 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வகம் கட்டியது. இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில் அதன் கருங்கல் தூண் இன்னமும் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து பொறித்திருக்கிறார்கள். ஆனால் 1899-ல் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்கு இடம் மாறியது. பிறகு, விஞ்ஞானி வைனு பாப்பு இருட்டான வானத்தைத் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே 1986-ல் 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி செயல்பாட்டுக்கு வந்தது. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. வானம் பார்ப்பவர்கள் நகரத்தை விட்டு மலைக்குப் போனதுதான் நம் ஊர் வரலாறு.

ஆனால், யார்டில் ஷிஃப்ட் முறையில் வேலை பார்ப்பவர், வாரக் கடைசியில் வண்டி பிடித்து 200 கிலோமீட்டர் போய் மலையில் தங்கித் திரும்ப முடியுமா? இந்த இளைஞரால் முடியவில்லை. போக முடியாததால் மாடியிலேயே வழி தேடினார்.

கூட்டத்தில் ஒரு குரலைக் கேட்பது எப்படி?

முதல் வழி, செலவில்லாதது. ஒரே நீளமான படத்துக்குப் பதிலாக, குட்டிக் குட்டியாக நிறைய படங்கள் எடுப்பது. பூமி சுழல்வதால், கேமரா அசையாமல் நின்றாலும் நட்சத்திரம் நகரும். 135 மில்லிமீட்டர் லென்ஸில் இரண்டு விநாடியைத் தாண்டினால் புள்ளி கோடாகத் தொடங்கிவிடும். அதனால் இரண்டு விநாடிப் படம், அடுத்து இன்னொன்று, அடுத்து இன்னொன்று என நூற்றுக்கணக்கில் எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஸ்டாக்கிங் என்கிறார்கள்.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் நடக்கும்போது போய் நின்றிருக்கிறீர்களா? ஆளுக்கொரு விலை, ஆளுக்கொரு கத்தல். யார் என்ன சொல்கிறார்கள் என்றே புரியாது. ஆனால், ஒரு மூலையிலிருந்து ஒருவர் மட்டும் ஒரே சொல்லை, ஒரே குரலில், நூறு தடவை சொன்னால்? மற்ற கத்தல்கள் கலந்து கரைந்துவிடும், அந்த ஒரு சொல் தனியாகக் காதில் விழத் தொடங்கும். ஸ்டாக்கிங்கில் நடப்பது இதுதான். படத்தில் வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். நெபுலா மட்டும் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும். நூறு படங்களை அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

அப்படி அடுக்கிய முதல் படத்தில், ஆரஞ்சுப் பின்னணிக்கு நடுவே நகத்தால் கீறினாற்போல ஒரு சின்ன வெளுப்பு தெரிந்தது. முதல் தடவையாக அதைப் பார்த்த ராத்திரி அவர் தூங்கவில்லை.

இரண்டாவது வழிக்குத்தான் செலவு. வெளிச்சத்தை வடிகட்டும் ஃபில்டர். நெபுலா எல்லா நிறத்திலும் ஒளிர்வதில்லை. முக்கியமாக இரண்டே இடங்களில்தான்: ஹைட்ரஜனின் சிவப்பு 656.3 நானோமீட்டர், ஆக்சிஜனின் பச்சை 500.7 நானோமீட்டர். அந்த இரண்டு அலைநீளங்களுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு, மற்றதையெல்லாம் வெளியே நிறுத்தும் ஃபில்டர்கள் கடையில் கிடைக்கின்றன.

தெருவில் முன்பு இருந்த மஞ்சள் சோடியம் விளக்குகளின் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டரையொட்டியே இருக்கும். அதை வெளியே நிறுத்துவது சுலபம். இப்போது எங்கும் வந்திருக்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் அப்படியில்லை. நீலத்தில் தொடங்கிச் சிவப்பு வரை பரவலாக வெளிச்சம் கொட்டும். மின்சாரம் மிச்சம், சாலையும் பளிச்சென்று இருக்கும். ஆனால் வானத்துக்கு அதுதான் பெரிய தொல்லை. திறந்திருக்கும் இரண்டு கதவுகள் வழியாகவும் அதில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும். இருந்தாலும் கதவு குறுகியது என்பதால், நெபுலாவின் ஒளி அதை ஜெயித்துவிடுகிறது.

இன்னொரு தடையும் இருந்தது. சாதாரண கேமராக்களின் உள்ளே, நாம் கண்ணால் பார்க்கும் நிறங்களைப் போலவே படம் வர வேண்டும் என்பதற்காக ஒரு கண்ணாடித் தகடு வைத்திருப்பார்கள். ஹைட்ரஜனின் அந்தச் சிவப்பில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். கேமரா மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து அதைக் கழற்றச் சொன்னபோது, ‘‘நல்ல கேமராவ ஏம்ப்பா கெடுத்துக்கிற, கல்யாணத்துல எல்லாரும் சிவப்பா வருவாங்க’’ என்றார் அவர். அதோடு கல்யாண ஆர்டர்களுக்கு முற்றுப்புள்ளி. அந்த வருமானத்தை விட்டதற்கு வீட்டில் ஒரு மாதம் பேச்சு வாங்கினார்.

லாரி குலுக்கும் மாடி

நட்சத்திரத்தின் நகர்வுக்கு ஏற்ப கேமராவை மெல்லத் திருப்பும் டிராக்கர் என்ற சின்னக் கருவியை அடுத்து வாங்கினார். அதன் அச்சை துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். அங்கேதான் வடசென்னை தன் வேலையைக் காட்டியது.

துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது அந்த ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. சென்னையில் அது வடக்கே வெறும் 13 டிகிரி உயரம்தான். திருவொற்றியூர் மாடியில் நின்று வடக்கே 13 டிகிரியில் பார்த்தால் என்ன இருக்கும்? எண்ணூரும் அத்திப்பட்டும்தான். புகைபோக்கிகளின் மூட்டத்துக்கும் விளக்குகளுக்கும் நடுவே துருவ நட்சத்திரம் கண்ணில் படவே படாது. செல்போன் திசைகாட்டியில் வடக்கைக் குறித்து, தப்பிப் போவதைப் படத்துக்குப் படம் திருத்தி, வாரக்கணக்கில் முயன்றுதான் பழகினார்.

தெருமுனையில் கன்டெய்னர் லாரி திரும்பினால் மாடி அதிரும். கும்மிடிப்பூண்டி தடத்தில் ரயில் போனாலும் லேசாக நடுங்கும். ஒரு நிமிடப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அது நடந்தால் நட்சத்திரங்கள் எல்லாம் இரட்டையாகிவிடும். 120 படம் எடுத்தால் அதில் முப்பதைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும். கடற்காற்றின் உப்பு டிரைபாட் திருகுகளைத் துருப்பிடிக்க வைக்கும். ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். பொரி டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு லென்ஸை அதற்குள் வைத்திருக்கிறார்.

வடசென்னைக்கு இதில் அனுகூலங்களும் உண்டு. கிழக்கே கடல். கப்பல்களைத் தவிர அந்தப் பக்கம் ஊர் கிடையாது. ஓரியன் உதிப்பது அந்தப் பக்கத்தில்தான். அதோடு, ஓரியன் நெபுலா சென்னையில் 71 டிகிரி உயரம் வரை ஏறும். கிட்டத்தட்டத் தலைக்கு மேல். லண்டனில் அது 33 டிகிரியைத் தாண்டாது. எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு குறைந்த காற்றையும் தூசியையும் கடந்து அதன் ஒளி நம்மிடம் வரும். தலைக்கு மேலே இருக்கும் வானம்தான் எந்த நகரத்திலும் கொஞ்சமாவது சுத்தமாக இருக்கும் பகுதி. எம் 42 அங்கேயே வந்து நிற்கிறது.

நாட்கள்தான் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழை மேகத்தில் போய்விடும். திருவொற்றியூர்க்காரர்களுக்கு இது பழகின விஷயம். அவர்கள் ஊர் ஆதிபுரீஸ்வரரை ஆண்டு முழுக்கக் கவசத்தோடுதான் தரிசிக்க முடியும். கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள் மட்டும் கவசம் திறப்பார்கள். இந்த வானமும் அப்படி எப்போதோ சில ராத்திரிகளில்தான் திறக்கிறது. மார்கழித் திருவாதிரை அன்று ஓரியன் அழகாக உதிக்கும்; ஆனால் அன்று முழு நிலாவும் அதன் பக்கத்திலேயே நிற்கும் என்பதால் படம் எடுக்க முடியாது. தை அமாவாசைதான் நல்ல நாள். காலையில் கடற்கரையில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய மக்கள் தூங்கும் நேரத்தில், நிலா இல்லாத வானத்தின் உச்சிக்கு எம் 42 வந்திருக்கும்.

அப்படி ஒரு தை அமாவாசை ராத்திரியில், ஒரு நிமிடப் படங்களாக இரண்டு மணி நேரம் எடுத்து, லாரி குலுக்கியவற்றைக் கழித்து, மீதியை அடுக்கியபோது வந்தது அந்தப் படம். சிறகு விரித்த பறவை போலச் சிவந்த மேகம், நடுவில் டிரபீசியத்தின் வெளிச்சம், ஒரு பக்கம் மேகத்துக்குள் நுழையும் கறுப்புத் தூசி.

‘நீயே கலர் பூசுனியா?’

படத்தை முதலில் பார்த்தவர் அவருடைய ஆயா. காசிமேட்டில் பல வருடம் மீன் விற்றவர்.

‘‘இன்னாடா இது, ரத்தம் தோய்ச்ச பஞ்சாட்டம்?’’

‘‘நட்சத்திரம் பொறக்குற எடம் ஆயா.’’

‘‘எங்க கீது?’’

‘‘நம்ம வூட்டு மேலதான். அந்த மூணு வெள்ளி தெரியுதுல்ல, அதுக்குக் கீழ.’’

ஆயா கண்ணைச் சுருக்கி அண்ணாந்து பார்த்தார். ‘‘எனக்கு ஒண்ணியும் தெரியல. மெய்யாலுமே கீதா, இல்ல நீயே கலர் பூசுனியா?’’

படித்தவர்களும் கேட்கும் கேள்விதான் இது. தொலைநோக்கியில் கண்ணை வைத்து எம் 42-ஐப் பார்த்தால் சிவப்பு தெரியாது. சாம்பல் கலந்த பச்சையாக, புகை போலத்தான் தெரியும். அப்படியானால் படம் பொய்யா?

பொய்யில்லை. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணில் வேலை செய்யும் செல்களுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அவை அதிகம் உணர்வது 500 நானோமீட்டர் அருகில் இருக்கும் பச்சையைத்தான். அதுதான் ஆக்சிஜனின் இடம். அதனால்தான் கண்ணுக்குப் பச்சை. கேமராவுக்கு அந்தக் குறை இல்லை. மேலும் கண், வந்த ஒளியை ஒரு நொடிக்குள் மறந்துவிட்டு அடுத்ததைப் பார்க்கிறது. கேமரா இரண்டு மணி நேர ஒளியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. அந்தச் சிவப்பு வானத்திலிருந்து வந்ததுதான். அதை எவ்வளவு தூக்கிக் காட்டுவது என்பது மட்டும்தான் எடுப்பவர் கையில் இருக்கிறது.

இந்த உண்மையை உலகத்துக்குக் காட்டியதும் தொழில்முறை வானியலாளர்கள் இல்லை, வீட்டிலிருந்து வானம் பார்த்தவர்கள்தான். லண்டனில் வில்லியம் ஹக்கின்ஸ் குடும்பத் துணி வியாபாரத்தை விற்றுவிட்டு, வீட்டிலேயே வானாய்வகம் கட்டினார். 1864-ல் ஒரு நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அது நட்சத்திரக் கூட்டம் இல்லை, ஒளிரும் வாயு என்று கண்டுபிடித்தவர் அவர். 1880 செப்டம்பர் 30 அன்று ஓரியன் நெபுலாவை முதன்முதலில் புகைப்படம் எடுத்த ஹென்றி டிரேப்பர், அமெரிக்காவில் மருத்துவம் படித்தவர். அதற்கு அவருக்கு 51 நிமிடம் தேவைப்பட்டது. 1883-ல் ஆண்ட்ரூ காமன் லண்டனின் ஈலிங் பகுதியில் தன் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கியால் 37 நிமிடம் எடுத்த படத்தில், அதே தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாலும் தெரியாத நட்சத்திரங்கள் பதிவாகியிருந்தன. கண்ணால் பார்க்க முடியாததைப் புகைப்படம் பார்க்கும் என்று உலகம் அன்று தெரிந்துகொண்டது. காமன் செய்துவந்த தொழில், கட்டடங்களுக்குக் குடிநீர், கழிவுநீர்க் குழாய் அமைக்கும் பொறியியல். அந்தக் காலத்து லண்டன் நிலக்கரிப் புகையில் மூழ்கியிருந்த நகரம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேரன் இதையெல்லாம் சுருக்கிச் சொன்னதும் ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘‘ஒங்க தாத்தா கட்டுமரத்துல போசொல்ல வெள்ளி பாத்துதான் கரைக்கு வருவாரு. அப்ப கரையில லைட்டு கம்மி. மேல நெறையக் கெடந்துச்சு’’ என்றார்.

எடுத்த இடம்: திருவொற்றியூர்

படத்தை அலுவலகத்தில் காட்டினார். பாராட்டினார்கள். ‘எங்கே எடுத்தது?’ என்று கேட்டார்கள். சொன்னதும் சிரித்தார்கள். ‘‘சும்மா சொல்லாத. நம்ம ஏரியாவுல புகைதான் தெரியும், இது எங்கருந்து தெரியும்?’’ ஒரு நண்பர் அக்கறையோடு சொன்னார்: ‘‘கீழே ஜவ்வாது மலைன்னு போட்டுடு. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.’’

இங்கேதான் அவருக்கு வலித்தது. இந்தக் கரை இழந்தவை அவருக்குத் தெரியும். துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்ட பிறகு, கரையோரமாக வடக்கே நகரும் மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. அந்த மணல்தான் மெரினாவை அவ்வளவு அகலமாக்கியது. வடக்கே ராயபுரம் தொடங்கி, மணல் வராத கரையைக் கடல் அரித்தது. இன்று அங்கே பாறைக்கற்களைக் கொட்டித்தான் கரையைக் காக்கிறார்கள். நகரத்துக்கு உலாப் போக ஒரு கடற்கரை கிடைத்தது; ராயபுரத்துக்குக் கிடைத்தது கல் சுவர். நகரத்துக்குக் கிடைக்கும் மின்சாரத்தின் சாம்பல் எண்ணூரில் விழுகிறது. இப்போது வானத்தில் தெரிந்த ஒன்றையும் வேறு ஊர்ப் பெயரில் போடச் சொன்னால் எப்படி?

படத்தின் கீழே அவர் எழுதியது இதுதான்: ‘எம் 42, ஓரியன் நெபுலா. எடுத்த இடம்: திருவொற்றியூர், வடசென்னை.’ நம்பாதவர்களுக்கு ஒவ்வொரு ஒரு நிமிடப் படத்தையும் தனித்தனியாகக் காட்டினார், லாரி குலுக்கியது உட்பட. சிலர் அப்போதும் நம்பவில்லை. ஆனால், தெருவில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகள் நம்பினார்கள். அடுத்த சனிக்கிழமை மாடியில் ஏழு பேர். அதில் ஒரு சிறுமி, ‘‘அண்ணா, நம்ம ஊர் மேல இது எப்பவுமே இருந்துச்சா?’’ என்று கேட்டிருக்கிறாள். எப்போதும் இருந்தது என்றார்.

யார்டில் விளக்குகளை அணைக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. இருட்டில் கிரேன் ஓடினால் கீழே நிற்கும் தொழிலாளியின் உயிருக்கு ஆபத்து என்பதை அவர் தினமும் பார்க்கிறார். அவர் கேட்பது வேறு. விளக்கின் தலையில் ஒரு மூடி இருந்தால் வெளிச்சம் தரையில் மட்டும் விழும். பக்கவாட்டிலும் மேலேயும் போகும் வெளிச்சத்தால் தொழிலாளிக்கு எந்தப் பயனும் இல்லை; அதற்கும் மின் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கிறது. நேராகக் கீழே பார்க்கும் மூடியிட்ட விளக்கு, தேவைக்கு மேல் பளிச்சிடாத வெளிச்சம், நீலம் குறைந்த நிறம். இந்த மூன்றையும் உலகம் முழுக்க வானியலாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தெரு விளக்கில் தொடங்கினாலே போதும்.

நீங்களும் பார்க்கலாம்

இதற்கு கேமராவும் ஃபில்டரும் கட்டாயமில்லை. பொங்கல் சமயத்தில் இரவு ஏழு மணிக்கு மாடியில் கிழக்கே பார்த்து நில்லுங்கள். பாதி வானத்தில் மூன்று நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பது போலத் தெரியும். அவற்றின் வலப்பக்கம் வாளின் புள்ளிகள். தை மாதக் கடைசியில் ஒன்பது மணிக்குத் தெற்கு பார்த்து அண்ணாந்தால், மூன்றுக்கும் கீழே அதே புள்ளிகள் தொங்கும். தெரு விளக்கு நேராகக் கண்ணில் படாத மூலையில், செல்போன் திரையைப் பார்க்காமல் பதினைந்து நிமிடம் இருந்தால் கண் இருட்டுக்குப் பழகும். யாரிடமாவது பைனாகுலர் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நடுப்புள்ளி மட்டும் மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி போல மங்கித் தெரியும். செல்போனில் இரவுப் பயன்முறை இருந்தால், கையில் பிடிக்காமல் செங்கல்மேல் சாய்த்து வைத்து எடுத்துப் பாருங்கள். பெரிதாக்கினால் மற்ற புள்ளிகளெல்லாம் கூர்மையாக, அது மட்டும் பொட்டு கலைந்தாற்போல இருக்கும்.

பிள்ளைகளையும், அதைவிட முக்கியமாக வீட்டுப் பெரியவர்களையும் மாடிக்கு அழைத்துப் போங்கள். நிறைய வெள்ளி கிடந்த வானத்தைப் பார்த்தவர்கள் அவர்கள்தான். எது எங்கே இருந்தது என்று அவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.